கரைவலை எப்.சி. எடுத்த ஆள்

டோஹா
07.09.2024

அன்பின் ஜெனூபா,

அஸ்ஸலாமு அலைக்கும். நேற்றுப் பாதிக் கதையில் போனை வைத்துவிட்டேன் என்று கோபிக்காதே. இந்த அறையில் என்னைத் தவிர எட்டுப் பேர். நான் "சாப்பிட்டியா?" என்று உன்னைக் கேட்டால், மேல் கட்டிலில் இருந்து சாய்ந்தமருது பஸால் "ஓம் மச்சான், வயிறு முட்டச் சாப்பிட்ட" என்று பதில் சொல்கிறான். புது மாப்பிள்ளை கதைப்பதைக் கேட்பதற்கென்றே சிலர் தூங்காமல் கிடக்கிறார்கள். ஆகவே மனதில் உள்ளதை இனி எழுதித்தான் அனுப்பப் போகிறேன். இமெயிலை எவனும் எட்டிப் பார்க்க மாட்டான். நீயும் அப்படியே எழுது.

இப்போது ஓர் உதவி. என் போனில் நான் தலையைக் கவிழ்த்துக்கொண்டு கிடப்பதாக நீ குறை சொல்வாயே, அந்தப் புட்போல் முகாமையாளர் விளையாட்டு. அதில் பந்தை உதைப்பது கம்ப்யூட்டர். ஆளை எடுப்பதும், ஒப்பந்தம் போடுவதும், யாரை இறக்குவது என்று முடிவு செய்வதும் நாங்கள். பன்னிரண்டு கூட்டாளிமார், பன்னிரண்டு அணி. என் அணிக்குப் பெயர் கரைவலை எப்.சி. ஒவ்வொரு பருவமும் முடிய, வயதுபோன ஆட்டக்காரர்கள் ஓய்வு பெறுவார்கள். முப்பத்தாறு புது இளசுகள் பட்டியலில் வருவார்கள். அவர்களை முறை வைத்துப் பிரித்து எடுப்பதைத்தான் டிராப்ட் என்கிறோம். போன பருவத்தில் கடைசியாக வந்தவன் முதலில் எடுப்பான், சம்பியன் கடைசியில் எடுப்பான். ஏழைக்கு முதல் பந்தி. நாங்கள் எட்டாம் இடம், ஆகவே ஐந்தாவது தெரிவு எங்களுடையது. ஒரு தெரிவுக்கு இரண்டு நிமிடம்தான். தவறினால் கம்ப்யூட்டரே எவனையாவது தலையில் கட்டிவிடும்.

வருகிற வெள்ளி, ஊர் நேரம் பின்னேரம் நாலு மணிக்கு டிராப்ட். அந்நேரம் எனக்குக் குளிர்களஞ்சியத்தில் வேலை. போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். என் பெயரில் நீதான் இருந்து எடுக்க வேண்டும். கடவுச்சொல்லைத் தனியாக அனுப்பியிருக்கிறேன். வெளியில் சொல்லிவிடாதே. பெண்சாதியை விட்டு ஆள் எடுக்கிறான் என்றால் என்னை உயிரோடு உரித்துவிடுவார்கள். கோல் அடிக்கிறவனாகப் பார்த்து எடு. எடுத்த பிறகு ஒப்பந்தம் பேச ஒரு கிழமை உண்டு.

லீக்கை நடத்துகிறவன் றிஷாட், பசாரில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிறானே, அவன்தான். அவனுடைய சூறாவளி எப்.சி. மூன்று பருவமாகச் சம்பியன். அவன் ஏதும் எழுதினால் ஓம், இல்லை என்பதோடு நிறுத்து.

உன் ஹாதிக்


கல்முனைக்குடி
14.09.2024

அன்பின் மச்சான்,

வஅலைக்குமுஸ்ஸலாம். நாலு பந்தி எழுதியிருக்கிறீர்கள் என்று ஆசையாகத் திறந்தேன். அதில் எனக்கு ஒன்று, மிச்சமெல்லாம் புட்போலுக்கு. பரவாயில்லை. முன்பள்ளியில் முப்பது பிள்ளைகளைப் பார்க்கிறவளுக்கு உங்கள் இருபத்திரண்டு பேர் பெரிதா?

நேற்று அஸர் தொழுதுவிட்டு முன் அறையில் இருந்தேன். வெளியே தேர்தல் ஒலிபெருக்கி காதைப் பிளந்தது. வாப்பா மாவடிப்பள்ளி வயலில் இருந்து வந்து, சேற்றுக் காலோடு நின்று கேட்டார்.

"என்ன புள்ள, போன இந்தப் பார்வ பாக்காய்?"

"ஆள் எடுக்கிறன் வாப்பா. உங்கட மருமகன்ட அணிக்கு."

உடனே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்துவிட்டார். ஒவ்வொருவன் படத்தையும் பார்த்து, "இவன் சிரிக்கான், வேல செய்ய மாட்டான். இவன் பரவால்ல" என்று தீர்ப்பு வேறு.

நீங்கள் கோல் அடிக்கிறவனைக் கேட்டீர்கள். நான் பழைய கணக்குகளைப் பார்த்தேன். போன பருவம் கரைவலை அடித்த கோல் நாற்பத்தாறு, வாங்கிய கோல் அறுபத்தொன்று. அடிக்கிறவனுக்கா பஞ்சம்? உங்கள் கோல்கீப்பருக்கு முப்பத்தாறு வயது. இன்னும் ஒரு பருவம்தான் நிற்பார். ஆகவே ஐந்தாவது தெரிவில் மத்தேயோ என்றொரு கோல்கீப்பரை எடுத்தேன், பதினேழு வயது, உருகுவே. எல்லாரும் அரட்டையில் சிரித்தார்கள். பத்து நிமிடம் கழித்துப் பாண்டிருப்பு தனுசன் எழுதினார்: "டேய் ஹாதிக், இவன்ட வளர்ச்சிக்குப் போட்ட நட்சத்திரத்த நான் கவனிக்கல்ல. டோஹாத் தண்ணி உனக்கு மூளை தந்திருக்கு." நான் உங்கள் பெயரில் ஒரு நன்றி போட்டேன்.

றிஷாட்டைப் பற்றி நீங்கள் எச்சரிக்கத் தேவையில்லை. அவரும் ஒரு சொல் எழுதினார், நானும் ஒரு சொல் எழுதினேன்.

உங்கள் உம்மா, சரீபா மாமியைப் போய்ப் பார்த்தேன். கால்வலி குறைவு. நான் எப்படி இருக்கிறேன் என்று நீங்கள் கேட்டால் அடுத்த கடிதத்தில் சொல்வேன்.

ஜெனூபா


டோஹா
17.09.2024

அன்பின் ஜெனூபா,

எப்படி இருக்கிறாய்? கேட்டுவிட்டேன்.

கோல்கீப்பரை எடுத்தது கெட்டித்தனம். அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு விஷயம் நெஞ்சில் மீன் முள்ளாக நிற்கிறது. நேற்று விளையாட்டுக்கு உள்ளே போய் அதில் உள்ள அஞ்சல் பெட்டியைப் பார்த்தேன். ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்றாய். நான் எண்ணினேன், அவன் பதினொரு செய்தி எழுதியிருக்கிறான். நீ ஒன்பது.

அவன்: "மச்சான், நீ முந்தி இப்பிடி யோசிச்சி ஆள் எடுக்க மாட்டாய். என்ன நடந்த?"

நீ: "மூளைய ஊர்ல வெச்சிட்டு வந்திரிக்கன். அங்கதான் அது நல்லா வேல செய்யிது."

அவன் அதற்குச் சிரி சிரி என்று சிரித்து, "இப்ப உன்னோட கதைக்கவே ஆசையா இரிக்கி" என்று எழுதியிருக்கிறான். பதினைந்து வருடம் ஒரே மைதானத்தில் விளையாடியவன், என்னிடம் ஒரு நாளும் இப்படிச் சொன்னதில்லை. அவன் ஆசைப்படுவது என் பெயரோடு, ஆனால் என்னோடு அல்ல. இதை யாரிடம் போய் முறையிட? "மச்சான், அது நான் இல்ல" என்று சொன்னால் நீ யாரென்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவன் எழுதிக்கொண்டே இருப்பான். என் பெயரை உனக்கு இரவல் தந்துவிட்டு நானே வாசலில் நிற்கிறேன்.

பொறாமையா என்று கேட்பாய். ஓம், பொறாமைதான். தனுசன் புகழ்வதும் எனக்கு இனிக்கவில்லை. பத்துப் பருவம் நான் மண்டையை உடைத்ததற்கு ஒருவனும் வாய் திறக்கவில்லை.

ஒப்பந்தத்தை ஒழுங்காக முடி. சம்பளம், வருடம் இரண்டையும் விடப் பெரியது மூன்றாவது கட்டம். அவனுக்கு என்ன இடம் தருவாய் என்று கேட்கும். "முதல் பதினொருவர்" என்று வாக்குக் கொடு. இறக்க வேண்டியதில்லை. எல்லாரும் அப்படித்தான் கொடுப்போம். அவன் முகம் கோணுவதற்குள் பருவம் முடிந்துவிடும்.

றிஷாட்டுக்கு இனிப் பதில் எழுதாதே.

ஹாதிக்


கல்முனைக்குடி
23.09.2024

அன்பின் மச்சான்,

ஸலாம். கோபப்படாமல் வாசியுங்கள்.

மத்தேயோ நம்மிடம் வரவில்லை. மூன்று முறை கேட்கலாம் என்று இருந்தது. மூன்று முறையும் கேட்டேன். சம்பளத்தைக் கூட்டினேன், வருடத்தைக் கூட்டினேன். இடம் என்ற கட்டத்தில் மட்டும் நான் "நாளைய நம்பிக்கை" என்பதைத்தான் அழுத்தினேன். இந்தப் பருவம் பழையவர் நிற்பார், அடுத்த பருவம் இவன். அதுதானே உண்மை? "முதல் பதினொருவர்" என்று அழுத்த விரல் போனது. பிறகு அந்தப் பையன் ஒவ்வொரு கிழமையும் பெயர்ப் பட்டியலைத் திறந்து தன் பெயரைத் தேடுவான் என்று நினைத்தேன். கம்ப்யூட்டர் செய்த பையன்தான், தெரியும். இருந்தாலும் ஏலவில்லை. இல்லாத இடத்தைக் காட்டி ஆளை வரவழைத்துவிட்டு மைதானத்துக்கு வெளியே வாங்கில் இருத்துவது எனக்கு வராது.

மூன்றாம் முறையும் மறுத்ததும், எவரும் எடுக்கலாம் என்று பொது ஏலத்துக்குப் போய்விட்டான். ஏலத்தில் ஒருவர் வைக்கும் புள்ளி மற்றவருக்குத் தெரியாது என்று விதியில் வாசித்தேன். கையில் இருந்த புள்ளியில் நாற்பதை வைத்தேன். நேற்றுத் திறந்தார்கள். றிஷாட் நாற்பத்தொன்று வைத்திருந்தார். அவருக்கு நல்ல கோல்கீப்பர் இல்லை, வந்தவுடன் இறக்கிவிட்டார்.

பிழை என்னுடையதுதான். கரைவலைக்காகக் கவலைப்படுகிறேன். ஆனால் செய்ததைத் திரும்பச் செய்யச் சொன்னாலும் அதையேதான் செய்வேன்.

அஞ்சல் பெட்டியில் அவர் இரண்டு செய்தி போட்டிருக்கிறார். நான் திறக்கவில்லை. நீங்களே திறந்து எண்ணிக்கொள்ளுங்கள்.

ஜெனூபா


டோஹா
25.09.2024

ஜெனூபா,

நாற்பதுக்கு நாற்பத்தொன்று. மூடிய ஏலத்தில் ஒரே ஒரு புள்ளி. இதை நான் எந்தக் கிணற்றில் போய்ச் சொல்ல? நீ வைத்தது அவனுக்கு எப்படித் தெரியும்? அஞ்சல் பெட்டியில் எழுதவில்லை, பார்த்துவிட்டேன். வேறு எதில் எழுதினாய்?

நேற்று வேலை முடிந்து பஸில் வரும்போது பஸாலிடம் இந்த ஏலத்தைச் சொல்லிப் புலம்பினேன். அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான்.

"ஒனக்குத் தெரியாதா மச்சான்? ஒன்ட மாமனார் கலந்தர் காக்கா மொதல்ல கேட்ட மாப்பிள்ளையே றிஷாட்தானே. கலியாணம் பேச மீராசாஹிபுதான் போய்க் கதைச்சிரிக்காரு. பசார்ப் பக்கம் வீடு கேட்டாங்களாம், ஒத்து வரல்ல. பொறகுதான் ஒன்னட்ட வந்த."

முழு பஸும் கேட்டது. ஊரே அறிந்த விஷயம், என்னைத் தவிர. எட்டு மாதமாக நான் உன் வாப்பா கட்டித் தந்த சீதன வீட்டின் மாப்பிள்ளை என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்திருக்கிறேன். என்னைத் தேடி வந்து மாப்பிள்ளை எடுத்தார்கள் என்று உம்மா தெருத் தெருவாகச் சொன்னாள். இப்போது விளங்குகிறது. விரும்பியவன் விலை கூடிப்போக, மிஞ்சிக் கிடந்ததை எடுத்தீர்கள்.

அவன் இன்னும் கல்யாணம் முடிக்கவில்லை. கடைக்கும் உன் முன்பள்ளிக்கும் நடுவே இரண்டு ஒழுங்கை. நீ ஆணி வாங்கப் போனாலும் அவன் முகத்தில்தான் முழிக்க வேண்டும். நானோ மைனஸ் பதினெட்டுக் குளிரில் கோழிப் பெட்டி அடுக்குகிறேன்.

கடவுச்சொல்லை மாற்றிவிட்டேன். ஒரு கேள்விக்கு மட்டும் பதில் எழுது. நீ கேட்ட மாப்பிள்ளை அவனா, நானா?

ஹாதிக்


கல்முனைக்குடி
02.10.2024

ஸலாம் சொல்லியே தொடங்குகிறேன். கோபம் உங்களோடுதான், ஸலாமோடு இல்லை.

ஒரு கிழமை எழுதாமல் இருந்தேன். எழுதினால் பிறகு அழிக்க முடியாத சொல் வந்துவிடும் என்று பயம். அப்படியும் சில வரத்தான் போகிறது.

முதலில் உங்கள் நாற்பத்தொன்று. மணப்பெண்ணுக்கு மஹர் எழுதினாலும் பள்ளிவாசலுக்குக் கொடுத்தாலும் நம் ஊரில் ஒன்றைக் கூட்டித்தானே வைப்பார்கள்? நூற்றொன்று, ஆயிரத்தொன்று. றிஷாட்டின் பழைய ஏலங்களைத் திறந்து பாருங்கள். இருபத்தொன்று, முப்பத்தொன்று, ஐம்பத்தொன்று. அவர் ஒருநாளும் முழு எண் வைத்ததில்லை. பத்துப் பருவம் அவரோடு ஏலம் போட்ட உங்கள் கண்ணில் அது படவில்லை. வைத்த பிறகுதான் எனக்கும் பட்டது. கெட்டித்தனம் குறைந்ததற்கு வேண்டுமானால் ஏசுங்கள். கள்ளத்தனம் என்று இன்னொரு முறை எழுதினால் நான் இந்த முகவரியையே மூடிவிடுவேன்.

இனி உங்கள் கேள்வி. ஓம், வாப்பா முதலில் கேட்டது றிஷாட்டைத்தான். பசார் வீட்டுக் கதை சும்மா. ஊருக்கு ஒரு காரணம் வேண்டும், வீடு என்று வைத்துக்கொண்டார்கள். உண்மையில் அதை உடைத்தவள் நான்.

மீராசாஹிபு மாமாவிடம் நான் ஒரேயொரு கேள்விதான் கொடுத்துவிட்டேன். "வெளிநாடு போவாரா?" என் மூத்த ராத்தா அஸ்பியாவின் கதை உங்களுக்குத் தெரியும். ராத்தாவின் கணவர் குவைத்துக்குப் போய்ப் பதினொரு வருடம். பிள்ளைகள் வாப்பாவைப் போன் திரையில்தான் முத்தமிடும். அப்படி ஒரு வாழ்க்கை எனக்கு வேண்டாம் என்று இருந்தேன். அந்தக் கேள்வி முதலில் றிஷாட்டிடம் போனது. அவர் சொன்னாராம், "பொய் சொல்லேலா மாமா. சான்ஸ் கெடச்சா போவன்." நான் வேண்டாம் என்றேன். வாப்பா இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

பிறகு அதே கேள்வி உங்களிடம் வந்தது. நீங்கள் சொன்ன பதிலை மாமா வந்து நடித்தே காட்டினார். "போகவே மாட்டன். கல்முனையிலதான் மவுத்தாவன்." செத்தாலும் இந்த ஊரில்தான் என்கிறாரே என்று நான் அறைக்குள் நின்று கேட்டேன். அன்றே ஓம் என்றேன்.

நிக்காஹ் முடிந்து மூன்று மாதம். நோன்புப் பெருநாள் கழித்து நாலாம் நாள் நீங்கள் பெட்டியோடு நின்றீர்கள்.

போவேன் என்றவர் இங்கே ஆணி விற்கிறார். போக மாட்டேன் என்றவர் அங்கே கோழி அடுக்குகிறார். றிஷாட்டை நினைத்து நீங்கள் எரிகிறீர்கள். எனக்கு யாரைப் பார்த்து எரிகிறது தெரியுமா? அந்த எட்டுப் பேரைப் பார்த்து. காலையில் எழும்பினால் உங்கள் முகத்தை அவர்கள்தான் பார்க்கிறார்கள். தேநீர் ஊற்றித் தருவதும் அவர்கள்தான். பெயர் தெரிந்தது பஸால் ஒருவனுடையது மட்டும். மற்ற ஏழு பேரையும் பெயர் தெரியாமலே எனக்குப் பிடிக்காது.

அந்தக் கோல்கீப்பர் பையனுக்கு வாக்குக் கொடுக்க எனக்கு ஏன் ஏலவில்லை என்று இப்போது விளங்கும்.

ஜெனூபா


டோஹா
18.10.2024

அன்பின் ஜெனூபா,

பதினாறு நாள் எடுத்தது. ஐந்து முறை எழுதி அழித்தேன்.

லீக் அரட்டையில் எழுதிவிட்டேன்: டிராப்டில் இருந்தது நான் இல்லை, என் மனைவி ஜெனூபா. தனுசன், "அப்ப அவங்களயே வெச்சிரு, நீ போய்ப் படு" என்றான். றிஷாட் என்னைத் தனியே கூப்பிட்டுக் கதைத்தான். "மன்னிச்சிக்க மச்சான், சத்தியமாத் தெரியா" என்றான். குரலைக் கேட்டேன், உண்மைதான். அவன்மேல் ஒரு குற்றமும் கிடைக்கவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

இப்போது ஒன்றைச் சொல்கிறேன், இதைச் சொல்லாமல் உனக்கு முன்னால் வர ஏலாது. மீராசாஹிபு மாமா அந்தக் கேள்வியோடு எங்கள் வீட்டுக்கு வந்த அன்று, என் பாஸ்போட் வெளிநாட்டு ஏஜென்சிக்காரனின் மேசை லாச்சியில் கிடந்தது. கொடுத்து இரண்டு கிழமை. நிக்காஹ்வுக்கு முந்திய கிழமை சாமான் வாங்கவென்று கொழும்புக்குப் போனேனே, போனது விசாவுக்கான மெடிக்கலுக்கு. விசா வராது, வந்தாலும் விட்டுவிடலாம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். வந்தது. விடவில்லை. சீதன வீட்டில் சும்மா இருந்து சாப்பிடுகிறான் என்ற பேச்சுக்குப் பயந்தேன்.

றிஷாட்டின்மேல் இருந்த பொறாமை போய்விட்டது. இப்போது இன்னொருவன்மேல் வந்திருக்கிறது. கல்முனையிலேயே மவுத்தாவேன் என்றானே, அவன்மேல். நீ ஓம் சொன்னது அவனுக்கு. நான் அவன் பெயரில் வந்து இருந்துவிட்டுப் போனவன்.

ஒப்பந்தம் இரண்டு வருடம். ஏப்ரலில் ஒரு மாத லீவு கேட்டிருக்கிறேன். அதற்கு மேல் ஒரு வாக்கும் கொடுக்க எனக்கு வாய் இல்லை.

ஒன்றே ஒன்று. மெடிக்கல் முடித்துவிட்டுத்தான் வந்து கையெழுத்து வைக்கிறேன் என்று அன்றைக்கே தெரிந்திருந்தால், என்னை எடுத்திருப்பாயா?

ஹாதிக்


கல்முனைக்குடி
19.10.2024

மச்சான்,

அடுத்த பருவத்துக்கு என் பெயரிலேயே ஓர் அணி கேட்டிருக்கிறேன். தனுசன் லீக்கில் கேட்டு ஓம் என்றுவிட்டார். நீங்கள் உங்கள் எட்டாம் இடத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு இருங்கள்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். எனக்குத் தெரியும்.

ராத்தாவின் கொழுந்தனும் அன்று அதே மெடிக்கல் வரிசையில் நின்றிருக்கிறார். உங்களை அவர் கண்டார், நீங்கள் அவரைக் காணவில்லை. நிக்காஹ்வுக்கு ஆறு நாள் இருக்கும்போது ராத்தா வந்து என் காதில் சொன்னாள். "வாப்பாட்ட சொல்லு புள்ள, இன்னும் நேரம் இரிக்கி" என்றாள். மருதாணிக்கு இலை அரைத்துக்கொண்டிருந்தேன். இலையை அரைத்து முடித்துவிட்டுத்தான் கையைக் கழுவினேன்.

மூன்று மாதம் என்னோடு இருந்தால் உங்களுக்குப் போக மனம் வராது என்று நினைத்தேன். அவ்வளவு கர்வம் எனக்கு என்மேல். அது தோற்றதுதான் எனக்கு ஆற்றாமை. அதனால்தான் போன கடிதத்தில் உங்களை அப்படிக் குத்தினேன். வாக்கை நம்பி ஏமாந்தவள் மாதிரி எழுதினேன், அதில் பாதி பொய்.

வாப்பாவிடம் ஒரு சொல் சொல்லியிருந்தால் அன்றே எல்லாவற்றையும் நிறுத்தியிருப்பார். அதனால்தான் நான் சொல்லவில்லை.

ஜெனூபா